வனராஜ் மாட்டிய நாலு விளக்கு

அக்டோபர் 9, வியாழன்

வனராஜ் இன்றைக்கு ஜீப்பில் நாலு விளக்கு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பம்பரில் மஞ்சள் இரண்டு, கூரை ஓரத்தில் வெள்ளை இரண்டு. எல்லாம் எல்.இ.டி. சாயங்காலம் வெள்ளக்கல் எஸ்டேட் களத்தில் வண்டியை நிறுத்திச் சுவிட்சைத் தட்டினான். காப்பி பறித்துவிட்டு வந்து நின்ற பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். எதிர்ச் சரிவில் மரத்து இலைகூடத் தனித்தனியாகத் தெரிகிறதாம்.

வனராஜ் எனக்குச் சகலை. என் மனைவி லோகமணியின் தங்கை இந்திராணியைக் கட்டியவன். என்னைவிடப் பதினோரு வயது இளையவன். காலையில் அடிவாரத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போவதும், இருட்டிய பிறகு இறக்கிக்கொண்டு வருவதும் எங்கள் இரண்டு ஜீப்தான். பதினாலு கிலோமீட்டர் மண் பாதை, இருபத்திரண்டு வளைவு. நான் இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறேன். அவன் ஆறு வருஷம்.

திரும்பும்போது என் வண்டியில் ஏறவேண்டிய மூன்று பேர் அவன் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றைக்கு ஐந்து பேர்.

அக்டோபர் 12, ஞாயிறு

தேனிக்குப் போய் அபுதாகிர் பாயைப் பார்த்தேன். ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், பழைய பழக்கம். வனராஜ் என்ன விளக்கு வாங்கினான் என்று முதலில் கேட்டேன். "உங்களுக்கு வெளிச்சம் தூரமா வேணுமா, அகலமா வேணுமா, அதைச் சொல்லுங்க" என்றார் அவர்.

ஸ்பாட் என்பது ஈட்டி மாதிரி நேராகப் பாயுமாம். ஃப்ளட் என்பது விசிறி மாதிரி விரியுமாம். மலையில் இருபது வேகத்தில் போகிற வண்டிக்கு அரைக் கிலோமீட்டர் தூரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, வளைவில் ஓரம் தெரிவதுதான் முக்கியம், ஃப்ளட் வாங்குங்கள் என்றார். மேகம் இறங்குகிற பாதைக்கு மஞ்சள் வெளிச்சம், அதுவும் தாழ்வாக. கூரைமேல் வைத்தால் பானெட்டில் பட்டுக் கண்ணுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். ஹெட்லைட் வயரிலேயே இழுத்துச் சேர்க்கக் கூடாது, தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த வயர். தார் ரோட்டுக்கு வந்ததும் அணைத்துவிட வேண்டும், எதிரே வருகிறவனுக்கும் கண் இருக்கிறது.

எல்லாம் கேட்டுக்கொண்டேன். வனராஜ் வாங்கியதைவிடப் பெரிய வாட்டில் வெள்ளை ஸ்பாட் இரண்டு வாங்கினேன். தூரம் அடித்தால்தான் களத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

விளக்கு மாட்டியாகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவருக்கு நேரே நிறுத்தி உயரம் பார்த்துச் சரி செய்தேன். பெரிதாக வெளிச்சம் இல்லாத மாதிரி இருந்தது. வயரில் கோளாறு இருக்கும் என்று பாய்க்குப் போன் செய்தேன். பேட்டரியில் வோல்ட் பார்க்கச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் போன ஆட்டோக்காரர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "யோவ், அணையா" என்று சத்தம் போட்டார். அதில் ஒரு திருப்தி.

இரவு ட்ரிப்பில் நேர்ப்பாதை நன்றாகத் தெரிந்தது. லோகமணியும் காப்பி பறிக்க வருகிறாள், முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். வாய் ஓயாது. அந்தா பலா மரம் வந்துருச்சு, இந்தக் கல்லு நேத்து இங்கிட்டு இல்லையே, ஓரமா ஒரு மாடு நிக்குது பாருங்க. வீட்டிலிருந்து களம் வரைக்கும், களத்திலிருந்து வீடு வரைக்கும் இதே கதை. இன்றைக்குப் பின்னால் இருந்த காமுத்தாய், "அக்கா, ரேடியோவைக் கொஞ்சம் அணைங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். லோகமணி மட்டும் சிரிக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சாயங்காலம் மைத்துனி வீட்டுக்குப் போனோம். தெருவில் பிள்ளைகள் புஸ்வாணம் வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ரொம்ப நேரம் எதுவும் பிடிபடவில்லை. வாசல் படி தவறிக் கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அந்தத் தெருவில் விளக்குக் கம்பம் போடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும்.

வனராஜ் கையைப் பிடித்து உட்கார வைத்து, மஞ்சள் வைத்துக் கட்டினான். மாமனார் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் 3, திங்கள்

பதினாறாவது வளைவில் இடப்பக்கம் மண்மேட்டில் உரசிவிட்டேன். மட்கார்டு நெளிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஸ்பாட் நேராக மட்டும் பாய்கிறது, ஓரம் இருட்டு. அதுதான் காரணம்.

வனராஜ் வந்து பார்த்தான். "அண்ணே, மஞ்சள் ஃப்ளட் ரெண்டு கீழ மாட்டுங்க. இனிமே மேகம் இறங்கும்" என்றான். சரி என்று தலையாட்டினேன். நாளைக்கு ஃப்ளட் வாங்கத்தான் போகிறேன். ஆனால் வெள்ளை வாங்குவேன், கூரைமேல் மாட்டுவேன். இவன் சொல்லி நான் மஞ்சள் மாட்டினேன் என்று ஊரில் பேச்சு வரக் கூடாது.

நவம்பர் 7, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பத்தாவது வளைவில் மேகம் இறங்கியது. நாலு விளக்கையும் போட்டேன். கண்ணுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் எழுந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. அணைத்தால் கறுப்பு, போட்டால் வெள்ளை. வண்டியை நிறுத்திவிட்டேன். காமுத்தாய் இறங்கி, செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை நடந்து வழி காட்டுகிறாள்.

பின்னால் வந்த வனராஜ் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி, முன்னால் போனான். அவனுடைய மஞ்சள் விளக்கு அந்த வெள்ளைக்குள் நுழைந்து போனது. அடிவாரம் வரைக்கும் அவன் வண்டியின் பின்சிவப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

நவம்பர் 10, திங்கள்

இன்றைக்குக் களத்தில் எல்லோரும் ஏறுகிற நேரத்தில் லோகமணி என் வண்டியைத் தாண்டி நடந்தாள். வனராஜ் வண்டிக்குப் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் சொந்த மனைவி.

அவள் ஏறிய பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள். எனக்கு நாலு காப்பி மூட்டை மட்டும் மிஞ்சியது.

வீட்டில் கேட்டேன். "அங்க இந்திராணிகிட்ட ஒரு விசயம் பேசணும், அதான்" என்றாள். இந்திராணி அந்த வண்டியிலேயே இல்லை. அவள் காப்பி பறிக்கவே வருவதில்லை.

நவம்பர் 13, வியாழன்

நாலு நாளாக மூட்டைதான் இறக்குகிறேன். எஸ்டேட் மேனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வனராஜ் முதல் நடையில் பாதிப் பேரை இறக்கிவிட்டு, மறுபடியும் ஏறி வந்து மீதிப் பேரை ஏற்றுகிறான். அந்த இரண்டாவது நடைக்காக என்னையும் மூட்டையோடு காத்திருக்கச் சொல்கிறான். ஒன்றாகப் போவோம் அண்ணே என்கிறான்.

போகிறதாவது ஒழுங்காகப் போகிறானா? எனக்கு முன்னால் தேர் நகர்வது மாதிரி நகர்கிறான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, பிரேக் விளக்கை இரண்டு தடவை மினுக்கி, பிறகு திரும்புகிறான். தன் விளக்குகளை நான் கண் குளிரப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்த வேகத்தில் போனால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

வனராஜ் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். பட்டப்பகலில், கிட்டத்தில் குனிந்து. என்னுடையதும் அவனுடையதும் ஒரே கம்பெனி. அவனுடையது வாட் குறைவு. வேறு ஏதோ செய்திருக்கிறான். கண்ணாடியை மாற்றியிருப்பான்.

என் விளக்குக்கு மஞ்சள் தாள் ஒட்டினேன். கூரையில் இருந்ததை இறக்கிப் பம்பரில் மாட்டினேன். இது பாய் சொன்ன யோசனை.

நவம்பர் 19, புதன்

மஞ்சளிலும் அதே கதைதான். நடுவில் ஒரு குடம் அளவுக்குத் தெரிகிறது, சுற்றிலும் ஒன்றுமில்லை. ஒரு நாள் வண்டியை மாற்றி ஓட்டலாம் என்று வனராஜிடம் கேட்டேன். "ஆள் ஏத்திக்கிட்டு வேணாம்ணே" என்றான்.

என் தம்பி மாதிரி என்று இவனைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வண்டியைத் தொட விட மாட்டேன் என்கிறான்.

நவம்பர் 24, திங்கள்

இரண்டாவது நடைக்கு ஏறி வந்த வனராஜ் களத்தில் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தான். பானெட்டைத் தூக்கி, நாலு விளக்குக்கும் போகிற ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அரை நிமிஷ வேலை.

அவன் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. மறுபடியும் தட்டினான். இறங்கிப் பார்ப்பான், என்னைக் கூப்பிடுவான், இன்றைக்குப் பெண்கள் என் வண்டிக்கு வருவார்கள் என்று நின்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, கம்பெனியில் வந்த பழைய ஹெட்லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். நானும் பின்னால் போனேன்.

மூன்றாவது வளைவில்தான் லோகமணி அந்த வண்டியில் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். வலப்பக்கம் முழுக்கப் பள்ளம். ஹாரன் அடித்து நிறுத்திவிடலாமா என்று கையைக் கொண்டுபோனேன். நிறுத்தி என்ன சொல்வது? பதினாலு கிலோமீட்டரும் அந்த வண்டியின் பின்சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவன் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எப்போதும் போல மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை மினுக்கிக்கொண்டு இறங்கினான். அடிவாரத்தில் பெண்கள் ஏதோ சினிமாப் பேச்சோடு இறங்கிப் போனார்கள். விளக்கு எரியாததையே யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

வனராஜ் புது ஃபியூஸ் போட்டிருக்கிறான். "கழண்டு விழுந்துருச்சு போலண்ணே. ரோடு அப்படி" என்றான். ஆமாம் என்றேன். அவன் என் சட்டைப் பையைப் பார்த்த மாதிரி இருந்தது. நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை.

நவம்பர் 28, வெள்ளி

வனராஜ் காலையில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்றுப் படுகைக்கு வாங்கண்ணே, என் வண்டியை நீங்கள் ஓட்டிப் பாருங்கள், அங்கே ஆள் ஏற்ற வேண்டியதில்லை என்றான். இப்போதாவது மனசு வந்ததே.

நவம்பர் 30, ஞாயிறு

இருட்டட்டும் என்று இரண்டு பேரும் ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்குச் சாவியைக் கொடுத்தான்.

"நான் நடந்து போயி அங்கிட்டு நிக்கேன். நீங்க நாலு விளக்கையும் போட்டு மெதுவா வாங்க. என்னையப் பாத்ததும் நிறுத்துங்க, அவ்வளவுதான்."

எங்கே நிற்பாய் என்று கேட்டேன். தடத்து ஓரத்தில்தான் என்றான். நடந்து போனான். கொஞ்ச தூரம் வரைக்கும் சட்டை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அவன் வண்டி, அவன் விளக்கு. சுவிட்சைத் தட்டும்போது எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். முதல் கியரில் கிளம்பினேன். நடுவில் மணல் பளீரென்று தெரிந்தது. என் வண்டியில் தெரிகிற அதே குடம் அளவுக்கு. சுற்றிலும் அதே கறுப்பு. இரண்டாவது கியர் போட்டேன். நூறடி போயிருப்பேன். வனராஜைக் காணோம். இன்னும் தள்ளி நிற்கிறான் போல என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

பானெட்டில் டமார் என்று கை விழுந்தது.

பிரேக்கை மிதித்துவிட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தால் இடப்பக்க மட்கார்டை ஒட்டி நிற்கிறான். ஒரு முழம்கூட இல்லை. நாலு விளக்கின் வெளிச்சமும் அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை. அவன் அங்கேயே நின்றிருக்கிறான், நான் வருவதைப் பார்த்துக்கொண்டே. கையைத் தூக்கி ஆட்டினானாம். கூப்பிட்டும் பார்த்தானாம்.

எஞ்சினை அணைத்தேன். அவன் வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"விளக்குல குறை இல்லண்ணே" என்றான்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். தீபாவளி அன்றைக்குப் படியில் விழுந்தபோது சந்தேகம் வந்ததாம். உறுதியாகச் சொன்னது மதினிதான் என்றான். அவனுக்கு மதினி என்றால் லோகமணி.

வண்டியை அவன்தான் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தான்.

டிசம்பர் 1, திங்கள்

எஸ்டேட்டுக்குப் போகவில்லை. லோகமணியும் போகவில்லை. அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தேடுவதில்தான் முதலில் பார்த்திருக்கிறாள். சொன்னால் எரிந்து விழுவேன் என்று சொல்லவில்லையாம். அதனால் முன் சீட்டில் உட்கார்ந்து கல்லையும் மாட்டையும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அதை வாய் ஓயாது என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மேகம் இறங்கிய அன்றைக்கு அவளுக்கே பாதை தெரியவில்லை. அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லையாம். "நான் போனா அவளுகளும் போயிருவாளுகன்னு தெரியும். உங்க வண்டில ஆள் இருக்கக் கூடாதுன்னுதான் போனேன்" என்றாள். என்னை முன்னால் வழி காட்டிக் கூட்டி வரச் சொல்லி வனராஜிடம் கேட்டுக்கொண்டதும் அவள்தான்.

"எனக்கு ஒண்ணு ஆனா பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"அந்த முப்பது நாளும் கண்ணாடில உங்க விளக்கு தெரியுதா தெரியுதான்னு பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள். முப்பது நாள் இல்லை, மூன்று வாரம்தான். நான் திருத்தவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மதுரைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். வனராஜும் வந்தான். ஒரு கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர் டக் டக் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்கு ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. மெஷின் ஓடவில்லையா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஓடுகிறது ஐயா என்றாள்.

விழித்திரையில் நோய். ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. கண்ணாடி போட்டும் ஆபரேஷன் பண்ணியும் சரி பண்ண முடியாது. சொந்தத்தில் கட்டியவர்களா உங்கள் அப்பா அம்மா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், அப்பாவுக்கு அம்மா மாமன் மகள்தான். இனி வண்டி ஓட்டக் கூடாது, இரவில் மட்டுமில்லை, பகலிலும் என்றார்.

இனி ஒருபோதுமா என்று கேட்டேன். டாக்டர் லோகமணியைப் பார்த்துத் தலையாட்டினார்.

டிசம்பர் 10, புதன்

ஃபியூஸை நான்தான் பிடுங்கினேன் என்று வனராஜிடம் சொன்னேன். தெரியும் என்றான்.

ஜனவரி 6, செவ்வாய்

எல்லாம் தெரிந்த பிறகு பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு வனராஜ் வண்டி இரண்டாவது நடைக்கு வீட்டைத் தாண்டி மேலே ஏறும். அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக கியரைத் தேடுகிறது. அவன் நல்லவன் என்பது தெரிந்த பிறகு இன்னும் மோசமாக இருக்கிறது. முன்பு திட்டவாவது முடிந்தது.

என் ஜீப் பந்தலில் சும்மா நிற்கிறது. விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். லோகமணி கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, தான் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள்.

ஜனவரி 19, திங்கள்

லோகமணி இந்திராணி மூலமாக வனராஜிடம் சொல்லி, காலையில் ஒரு மணி நேரம் அவனிடம் ஓட்டப் பழகுகிறாள். நான் போய் நிற்பதில்லை. தூரத்திலிருந்து வண்டிச் சத்தத்தைக் கேட்டேன். கிளட்சை ரொம்ப வேகமாக விடுகிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றைக்குப் போய் நின்றேன். கிளட்சைப் பற்றிச் சொன்னேன். ஆறாவது வளைவு வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பாய் கடைக்குப் போனோம். பாய் வழக்கம் போல என்னைப் பார்த்து, தூரமா அகலமா என்று ஆரம்பித்தார். அவளிடம் கேளுங்கள் என்றேன்.

அவள் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தாள். வாட் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. வளைவுக்குள் திரும்புவதற்கு முன்னால் திரும்பப்போகிற இடம் தெரிய வேண்டும், மேகத்தில் முன் சக்கரம் தெரிய வேண்டும், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கண் கூசக் கூடாது. இதைத்தான் கேட்டாள். பம்பரில் தாழ்வாக மஞ்சள் ஃப்ளட் இரண்டு, இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாகத் திருப்பிய சின்ன விளக்கு ஒவ்வொன்று. என் ஸ்பாட்டைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டோம். இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் ஒன்றரை மாதமாக யோசித்தும் வாங்கத் தெரியாததை அவள் அரை மணி நேரத்தில் வாங்கிவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

இருட்டிய பிறகு ஆற்றுப் படுகைக்குப் போனோம், விளக்கைத் திருப்பி வைக்க. ஆள் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு மாதம் வெறும் வண்டியோடு மலையில் ஓட்ட வேண்டும் என்று வனராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நான் ஸ்பேனரோடு பம்பருக்கு முன்னால் குந்தினேன். எனக்குத் தெரிவதை வைத்துத் திருப்ப முடியாது. அவள் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல நான் நட்டைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தேன். இன்னும் கொஞ்சம் கீழே. போதும். இந்தப் பக்கத்து விளக்கை வெளியே தள்ளுங்க.

"ஏங்க, முசல் ஒண்ணு" என்றாள் திடீரென்று. "அந்தக் கோரைக்குப் பக்கத்துல. நம்மளத்தான் பாக்குது. ரெண்டு காதும் சிவப்பாத் தெரியுது."

கோரை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். எனக்குக் கறுப்புதான். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் வயிற்றில் அதே எரிச்சல் கிளம்பியது. களத்தில் வனராஜ் சுவிட்சைத் தட்டிய அன்றைக்கு வந்ததைவிட இது பலமாக இருந்தது. என் மனைவிமேல். ஒரு முயலுக்காக. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஓடிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் பாதி உடம்பு இருட்டில் இருக்கிறது என்றாள்.

நட்டைத் தளர்த்தி, அவள் சொன்ன பக்கமாக விளக்கை இன்னும் இரண்டு விரல் திருப்பினேன்.

"இப்ப?" என்றேன்.

"இப்ப முழுசாத் தெரியுது" என்றாள்.

இறுக்கிவிட்டேன்.